மதுவிலக்குக் கண்ட மூதறிஞர் இராஜாஜி



நம் சேலம் மாம்பழத்துக்கும், நெசவுக்கும், இரும்புக்கும் பெயர் பெற்றது என்பதை அனைவரும் அறிவோம். ஆனால் நாடு விடுதலை அடைவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, சட்டம் இயற்றி மதுக்கடைகள் யாவும் மூடப்பட்ட முதல் மாவட்டம் இதுவே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சேலத்தில் வழக்கறிஞராக வாழ்ந்த மூதறிஞர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் அவர்கள். மக்கள் அவரை அன்போடு இராஜாஜி என்று அழைத்தனர்.

இவ்வாண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு தமிழாசிரியை பணித்தபோது, நாங்கள் இராஜாஜியையே தேர்ந்தெடுத்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது.

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுது. சேர்வராயன் மலை தெரியும் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். குடித்திருந்த ஒருவர் தள்ளாடி வந்து சாலையோரத்தில் விழுந்தார். நாங்கள் சிரித்தோம். எங்களில் ஒருத்தி அவரைப் போலவே நடந்து காட்டினாள். இன்னும் உரக்கச் சிரித்தோம். அப்போது எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு தோழி மட்டும் பேசாமல் விலகிச் சென்றாள். மண்ணில் கிடந்த துண்டையும் செருப்பையும் எடுத்துக்கொண்டாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். அவர் அவளுடைய அப்பா என்பது அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு நாள்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மனிதர் ஏன் இப்படிக் குடிக்கிறார்? கேடு என்று தெரிந்தும் ஏன் விட முடிவதில்லை? இக்கேள்விகள் எங்களை விடவில்லை. இவற்றுக்கு விடை தேடியபோதுதான் இராஜாஜியின் வாழ்வை நாங்கள் புதிதாகப் படித்தோம்.

இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அந்நாளில் அது பரந்து விரிந்த சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடாரியர் அவ்வூர் முன்சீப்பாகப் பணியாற்றியவர். தாயார் சிங்காரம்மாள். ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி கற்ற இராஜாஜி, சென்னையில் சட்டம் பயின்று, 1900-ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். கூரிய அறிவாலும் அளந்து பேசும் திறத்தாலும் விரைவிலேயே புகழும் பொருளும் அடைந்தார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராகவும் தொண்டாற்றினார்.

இல்லற வாழ்வில் அவருக்குப் பெருந்துயர் நேர்ந்தது. மனைவியார் அலமேலு மங்கம்மாள் இளம் வயதிலேயே மறைந்துவிட, ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அந்நிலையிலும் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, கை நிறையப் பொருள் தந்த தொழிலைத் துறந்து ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1921-ஆம் ஆண்டு இறுதியில் சிறை புகுந்து, வேலூர்ச் சிறையில் சில மாதங்கள் கழித்தார்.

சிறையிலிருந்து மீண்டவர் நகர வாழ்க்கையை நாடவில்லை. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அதற்கான நிலத்தை இரத்தினசபாபதிக் கவுண்டர் என்னும் நிலக்கிழார் வழங்கினார். வானம் பார்த்த வறண்ட பூமி அது. கதர் நூற்றல், தீண்டாமை ஒழித்தல், மதுவிலக்கு ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் முக்கியப் பணிகள். உயர்ந்த குடியில் பிறந்த பெரிய வழக்கறிஞர், தம் மக்களுடன் எளிய குடிசையில் வாழ்ந்து, சுற்றுப்புறச் சேரிகளுக்கும் சிற்றூர்களுக்கும் நடந்து சென்றார்.

அங்கே அவர் கண்டதென்ன? ஆசிரமத்தில் நூல் நூற்றும் நெய்தும் ஏழைகள் நாலு காசு சம்பாதித்தார்கள். அக்காசு வீட்டுக்குப் போகும் வழியில் கள்ளுக்கடை இருந்தது. கதர் கொடுத்த கூலியைக் கள் வாங்கிக்கொண்டது. ஒரு கையால் நிரப்பும் பானையில் மறுபுறம் ஓட்டை இருந்தால் பானை எப்படி நிறையும்? ஆகவே மதுவிலக்கு இன்றி ஏழைக்கு விடிவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1929-ஆம் ஆண்டு மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்னும் தமிழ் மாத இதழை ஆசிரமத்திலிருந்து தொடங்கினார். பிற்காலத்தில் பெரும் எழுத்தாளராகத் திகழ்ந்த கல்கி கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அதில் அவருக்குத் துணை நின்றார். எழுத்தறிவு குறைந்தவர்க்கும் விளங்கும் வண்ணம் அவ்விதழில் கதைகளும் படங்களும் இடம் பெற்றன. விமோசனம் என்றால் விடுதலை என்று பொருள். குடிப்பவனைக் குற்றவாளி என்று அழைக்காமல், விடுவிக்கப்பட வேண்டியவனாக அப்பெயர் காட்டுகிறது. இச்சொல்லை நாங்கள் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். கட்டுண்டவனுக்கல்லவா விடுதலை வேண்டும்? அப்படியானால் குடிப்பவனைக் கட்டியிருக்கும் கயிறு எது?

இக்கேள்வியை அறிவியல் பாடம் கற்பிக்கும் சகோதரியிடம் கேட்டோம். அவர் ஒரு முழுப் பாடவேளையை எங்களுக்காக ஒதுக்கி விளக்கினார். அதை எங்களால் இயன்றவரை இங்கே தருகிறோம்.

பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் வடியும் சாறு இனிப்பானது. பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும். தடவாமல் விட்டால் காற்றிலுள்ள நொதிக் கிருமிகள் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றிவிடும். சில மணி நேரத்தில் அது கள். அந்த ஆல்கஹால் வயிற்றுக்குள் சென்ற சில நிமிடங்களில் இரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகிறது. முதலில் உடல் சூடாவது போல் தோன்றும். கவலை விலகுவது போல் இருக்கும். கூச்சம் நீங்கி நாக்கு அவிழும். அச்சமும் நாணமும் மனிதரைத் தடுத்து நிறுத்தும் கடிவாளங்கள். அக்கடிவாளம் தளர்வதையே குடிப்பவர் இன்பம் என்று எண்ணுகிறார். பின்னர் நடை தள்ளாடும், சொல் குழறும், நினைவு மங்கும்.

மூளையில் டோபமின் என்னும் ஒரு பொருள் சுரக்கிறது. பசித்தவன் உண்ணும்போதும், பிரிந்தவர் கூடும்போதும் அது சுரந்து, இது நல்லது, மீண்டும் நாடு என்று மூளைக்குக் கற்பிக்கிறது. மதுவும் கஞ்சாவும் புகையிலையும் அபினும் இந்த இயற்கைப் பாடத்தை ஏமாற்றி, வேண்டாத அளவில் அப்பொருளைச் சுரக்கச் செய்கின்றன. மூளை அதற்குப் பழகிப்போகிறது. நேற்று ஒரு குவளையில் கிடைத்தது இன்று இரண்டு குவளையில்தான் கிடைக்கிறது. குழந்தையின் சிரிப்பும் சுவையான உணவும் முன்போல் மகிழ்ச்சி தருவதில்லை.

அதன் பிறகு வருவதே கொடிய நிலை. நாள்தோறும் குடித்தவர் ஒரு நாள் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பும் வரலாம். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுவதும் உண்டு. ஒரு வாய் குடித்தால் அவ்வேதனை அடங்குகிறது. ஆகவே இந்நிலையை அடைந்தவர் இன்பத்துக்காகக் குடிப்பதில்லை. துன்பம் பொறாமல் குடிக்கிறார். நாங்கள் சாலையோரத்தில் கண்டு சிரித்தது ஒரு மனிதரின் கூத்தையல்ல, அவரது நோயை என்பது அன்று எங்களுக்கு விளங்கியது.

எல்லாரும் ஏன் அடிமையாவதில்லை என்று ஒருத்தி கேட்டாள். பல காரணங்கள் கூடி வருகின்றன என்றார் சகோதரி. ஏறக்குறையப் பாதிக் காரணம் பரம்பரையாக உடலில் அமைந்து வருகிறது. மீதி சூழ்நிலையால் வருகிறது. முதுகு ஒடிய உழைத்த அலுப்பு, கடன், துக்கம், தனிமை, நண்பர்களின் வற்புறுத்தல், கைக்கெட்டும் தூரத்தில் கடை என அவை பலவாகும். மூளை முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகிறது. ஆகையால் சிறு வயதில் தொட்டவரே எளிதில் சிக்குகின்றனர். மேலும், விட்டுவிட்டவர்க்கும் கடையைக் கண்டாலே, வாடை வீசினாலே பழைய ஆசை விழித்துக்கொள்ளும் என்றும் அவர் கூறினார்.

இதைக் கேட்டதும் இராஜாஜியின் எண்ணம் எங்களுக்குத் தெளிவாயிற்று. மூளையின் இந்த இரகசியங்கள் அவர் காலத்தில் இவ்வளவு வெளிப்படவில்லை. ஆயினும் கிராமங்களில் நடந்து நடந்து அவர் உண்மையைக் கண்டுகொண்டார். களைத்த மனிதனின் வழியில் கடையைத் திறந்து வைத்துவிட்டு, அவனைப் பார்த்து மன உறுதியோடு இரு என்று உபதேசிப்பது நியாயமாகாது என்பதே அவர் கண்ட உண்மை.

எனினும் மனிதரின் மன உறுதிக்கு இடமே இல்லையா? இங்கே மறைக்கல்வி வகுப்பில் கேட்ட மற்றொருவர் வரலாறு எங்கள் நினைவுக்கு வந்தது. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் 1856-ஆம் ஆண்டு பிறந்த மாட் டால்பட் என்னும் கூலித் தொழிலாளி, பன்னிரண்டு வயதிலேயே மது வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்து குடிக்கக் கற்றார். கூலி முழுவதும் மதுவுக்கே போயிற்று. 28-ஆம் வயதில் ஒரு நாள் கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். தம் காசில் குடித்த நண்பர்கள் எவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. மனம் நொந்து வீடு திரும்பியவர், ஒரு குருவானவர் முன் மூன்று மாதங்களுக்கு மட்டும் குடிப்பதில்லை என்று வாக்களித்தார். அதைக் காத்தபின் மேலும் நீட்டித்தார். இறுதியில் வாழ்நாள் முழுமைக்கும் வாக்களித்து, 41 ஆண்டுகள் மதுவைத் தொடாமல் வாழ்ந்தார். இராஜாஜி ஆசிரமம் தொடங்கிய அதே 1925-ஆம் ஆண்டில், திருப்பலிக்குச் செல்லும் வழியில் உயிர் நீத்தார். 1975-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். டால்பட் உள்ளிருந்து போராடினார். இராஜாஜி வெளியிலிருந்து போராடினார். இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடத்தி மீண்டும் சிறை சென்ற இராஜாஜி, 1937-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மாகாண முதலமைச்சரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். பதவி ஏற்ற மூன்று மாதங்களுக்குள் மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றினார். 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. மதுவோடு, மயக்கம் தரும் பிற பொருள்களையும் அச்சட்டம் விலக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது.

இது எளிய செயலன்று. அரசாங்க வருமானத்தில் பெரும் பங்கு மதுவிலிருந்து வந்தது. அதை இழந்தால் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணம் எங்கே என்று பலர் கேட்டனர். ஏழையின் கண்ணீரில் வந்த காசைக் கொண்டு ஏழைக்குப் பள்ளி கட்டுவது முறையன்று என்பது இராஜாஜியின் கொள்கை. இழப்பை ஈடு செய்ய 1939-ஆம் ஆண்டு பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தார். தொழிலிழந்த மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது. சேலத்தில் விளைந்த பயனை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். கடைக்குச் சென்ற காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது தெரிய வந்தது.

1939-ஆம் ஆண்டு அக்டோபரில் அவரது அமைச்சரவை பதவி விலகியது. போர்க் காலத்தில், 1943-ஆம் ஆண்டு, மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கடைகள் மீண்டும் திறந்தன. விடுதலைக்குப் பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948-ஆம் ஆண்டு மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவும் மதுவிலக்கை அரசின் குறிக்கோளாக வைத்தது.

இராஜாஜி பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராகவும், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராகவும் விளங்கினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். இராம காதையை எளிய தமிழில் எழுதிய சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்காக 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். அவருடைய எல்லாச் செயல்களையும் எல்லாரும் ஏற்றனர் என்று சொல்ல முடியாது. பள்ளிகளில் அவர் கொண்டு வந்த கட்டாய இந்தியையும், 1953-ஆம் ஆண்டின் கல்வித் திட்டத்தையும் தமிழ் மக்கள் கடுமையாக எதிர்த்தனர். எனினும் மதுவிலக்கில் அவருக்கிருந்த உறுதியை எதிரிகளும் ஐயுற்றதில்லை.

1971-ஆம் ஆண்டு தமிழக அரசு மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவு செய்தது. அப்போது இராஜாஜிக்கு வயது 92. கொட்டும் மழையில் அம்முதியவர் முதலமைச்சர் கருணாநிதி அவர்களின் இல்லத்துக்குச் சென்று, கடைகளைத் திறக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். பதவி ஏதும் இல்லாத நிலையில், தமக்கென எதுவும் கேளாமல், முகம் தெரியாத குடும்பங்களுக்காக அவர் அன்று போய் நின்றார். வேண்டுகோள் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு, 1972 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று, 94 வயது நிறைந்த அவர் இவ்வுலகை விட்டு மறைந்தார்.

1973, 1974-ஆம் ஆண்டுகளில் மதுவிலக்கு திரும்பவும் வந்தது. 1981-ஆம் ஆண்டு கடைகள் மறுபடி திறந்தன. 1983-இல் அரசே மது வாணிபக் கழகத்தை அமைத்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அக்கழகமே நடத்துகிறது. நாடு முழுவதும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மதுவால் வந்த தொல்லைக்கு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பதாக 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு கூறுகிறது.

அப்படியானால் இராஜாஜி தோற்றுவிட்டாரா? இதைப் பற்றி எங்கள் வகுப்பில் விவாதம் நடந்தது. கடையை மூடினால் கள்ளச் சாராயம் வரும் என்று சிலர் வாதிட்டனர். அதில் உண்மை இல்லாமலில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூனில் நமக்கு அண்மையிலுள்ள கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்ணொளியையே பறிக்கும் நஞ்சு அது. கடைகள் திறந்திருக்கும் காலத்திலேயே இது நடந்தது அல்லவா என்று மற்றவர்கள் விடை கூறினர். சட்டம் மட்டும் போதாது, சட்டமின்றியும் ஆகாது, நோயுற்றவர்க்கு மருத்துவமும் வேண்டும் என்று முடிவில் எல்லாரும் ஒப்புக்கொண்டோம். குடிநோய் மருத்துவத்தால் தணியக் கூடியதே. நெடுநாள் குடித்தவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. போதை மறுவாழ்வுக்கான 14446 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

அன்று எங்களுடன் பேருந்துக்குக் காத்திருந்த தோழியைப் பற்றியும் கூறி முடிக்கிறோம். அவள் அனுமதியோடுதான், பெயர் குறிப்பிடாமல், இதை எழுதுகிறோம். சகோதரியின் பாடம் முடிந்த அன்று மாலை நாங்கள் அவளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் அழுதாள், நாங்களும் அழுதோம். அப்பா குடிக்காத நாள்களில் தனக்குத் தலை பின்னிவிடுவார் என்று அவள் சொன்னாள். அவர் இப்போது மருத்துவமனைக்குச் சென்று வருகிறார். இடையில் ஒரு முறை தவறினார், மீண்டும் செல்கிறார். டால்பட்டைப் போல் மூன்று மாதம், பிறகு மூன்று மாதம் என்று அவளும் அவள் அம்மாவும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

தோழியரே! முதல் குவளையை நாம் தொட வேண்டாம். நம் தம்பிமாரும் அண்ணன்மாரும் விளையாட்டாகவும் தொடாதிருக்க அன்போடு எடுத்துரைப்போம். ஏற்கெனவே விழுந்தவரைக் கண்டால் சிரிக்க வேண்டாம். அவருக்கும் ஒரு வீடு உண்டு. அங்கே நம்மைப் போன்ற ஒரு மகள் காத்திருக்கிறாள். அம்மகளுக்காகத்தான் ஒரு முதியவர் அன்று மழையில் நனைந்தார். அவர் நினைவைப் போற்றி, எங்கள் வகுப்பின் இந்தச் சிறு கட்டுரையை அத்தோழிக்கே காணிக்கையாக்குகிறோம்.